கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தாடிப் பலகை: அஜ்மானிலிருந்து பர்துபாய்க்கு ஒரு வியாழக்கிழமை

முதலில் ஒரு திருத்தம். என் சென்ற கட்டுரைக்குக் கீழே ஒருவர், "அம்மாவின் கணவர் துபாயில் கப்பல் கம்பெனி அதிகாரியாக இருந்தவர்" என்று எழுதியிருக்கிறார். போன மாதம் ஒரு கல்யாணத்தில் மைக்கிலும் அப்படியே சொன்னார்கள். அது தவறு. என் கணவர் சிங்காரம், பர்துபாயில் துறைமுகத்துக்குப் பின்தெருவில் ஒரு சலூனில் இருபத்தாறு வருடம் முடி வெட்டினார், சவரம் செய்தார். கப்பலில் வந்தவர்கள் அவருடைய வாடிக்கையாளர்கள். அவ்வளவுதான் கப்பலுக்கும் அவருக்கும் இருந்த சம்பந்தம்.

இந்தத் தவறு எங்கிருந்து கிளம்பியது என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. என்னிடமிருந்துதான். என் அப்பாவும் அதே தொழில் செய்தவர். கான்வென்ட் சேர்க்கைப் படிவத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் "வியாபாரம்" என்று எழுதினார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். தொலைபேசி இலாகாவில் உடன் வேலை பார்த்தவர்கள் கேட்டபோது "ஷிப்பிங் லைன்" என்று ஒரு முறை சொன்னேன். பிறகு சொல்லவே தேவைப்படவில்லை, அவர்களே சொல்லிக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. இப்போது திருத்துகிறேன். இந்தப் பயணத்தை ஏன் போனேன் என்பது இது இல்லாமல் புரியாது.

அவருடைய சலூனில் ஒரு வழக்கம் இருந்தது. புதிய வெள்ளைக்கார வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தால், கத்தியை எடுக்கும் முன் தன் தாடியைத் தொட்டுக் காட்டி, "உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?" என்று கேட்பார். அறிமுகம் இல்லாதவன் கையில் கத்தியைப் பார்த்தால் யாருக்கும் கழுத்து விறைக்கும். பேச ஆரம்பித்தால் தளர்ந்துவிடும். அதற்காகத் தொடங்கியது. பிறகு அந்தச் சொற்களைச் சுவரில் மாட்டியிருந்த ஒரு ஒட்டுப்பலகையில் தமிழில் எழுத ஆரம்பித்தார். எனக்கும் வாராவாரம் கடிதத்தில் எழுதுவார். ஜெர்மன்காரன் பார்ட் என்கிறான். டச்சுக்காரனும் கிட்டத்தட்ட அதேதான், கொஞ்சம் இழுக்கிறான். ஸ்காட்லாந்துக்காரன் பேர்ட். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த எஞ்சினியர் தன் தாத்தாக்கள் டச்சுக்காரர்கள் என்று சொல்லி அதே பார்ட். இப்படி.

நானும் பங்கெடுத்தேன். எங்கள் கான்வென்ட் மதர் ஒருவர் பெல்ஜியத்திலிருந்து வந்தவர். சூசையப்பர் படத்துக்கு நாங்கள் நூலில் தாடி பின்னும்போது, அவர் தன் மொழியில் அதன் பெயரைச் சொல்லிச் சிரிப்பார். அதை எழுதி அனுப்பினேன். என் கணவருக்கு மிகவும் சந்தோஷம்.

அப்புறம் ஒரு கடிதத்தில் நார்வேக்காரர் ஷெக் என்றார், டென்மார்க்காரர் ஸ்கேக் என்றார், ஐஸ்லாந்துக்காரர் ஸ்கெக் என்றார் என்று எழுதியிருந்தார். நான் பதில் எழுதினேன். அந்தக் கடிதம் இப்போது என்னிடம் இருக்கிறது. அவர் இறந்து நான்கு வருடம் கழித்து, போன மழைக்காலத்தில் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது கிடைத்தது. என் கையெழுத்து, சிவப்பு மை. "ஆங்கிலமும் ஜெர்மனும் இவையும் ஒரே குடும்பத்து மொழிகள் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஒரே குடும்பத்தில் இதற்கு ஒரே சொல்தான் இருக்க முடியும். காதில் விழுந்ததையெல்லாம் எழுத வேண்டாம். அடித்துவிடவும்."

அதற்குப் பிறகு அவருடைய கடிதங்களில் தாடி வரவே இல்லை. வெயில், அரிசி, மகளின் படிப்பு, அவ்வளவுதான். அத்தனை கடிதங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட இல்லை.

அகராதிகளைத் தேடிப் படித்தேன். அவர் எழுதியதுதான் சரி. தெற்கேயும் மேற்கேயும் இருக்கிற ஜெர்மானிய மொழிகள் பழைய சொல்லை வைத்துக்கொண்டன. வடக்கே இருப்பவர்கள் தாடிக்கு வேறு சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அடர்ந்து சிலும்பிய முடிக்கு ஆங்கிலத்தில் "ஷேகி" என்கிறோமே, அதன் உறவாம் அந்தச் சொல். டென்மார்க்கில் அதற்கே வேடிக்கை என்றும் ஒரு பொருளாம். முன்னூறு பக்கம் படித்தவள் நான், முகத்தைத் தொட்டுக் கேட்டவர் அவர். அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் அந்தச் சொற்களை நான் சொன்னபடி அழித்துவிட்டாரா? கேட்பதையே நிறுத்திவிட்டாரா? இதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஊருக்குத் திரும்பிய பின் பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த நிலையில் காஜா பாயிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. அதிராம்பட்டினத்துக்காரர். சலூனுக்கு அடுத்த கதவில் மளிகைக்கடை வைத்திருப்பவர். "அண்ணி, பில்டிங்க இடிக்கப் போறாங்க. மாசக் கடைசி வியாழக்கெழம பகல் ஒரு மணிக்கு கரண்ட கட் பண்ணிட்டுப் பூட்டிருவாங்க. அண்ணனோட பலகை உள்ளதான் இருக்கு. வந்து பார்த்துட்டு எடுத்துட்டுப் போங்க." பலகையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "அது நீங்க நேர்ல வந்து பார்க்கணும் அண்ணி" என்று மட்டும் சொன்னார். அந்தப் பதிலுக்குப் பிறகு ஒன்பது நாள் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு நேரடி விமானம். போக வர ₹23,600. விசாவை அஜ்மானில் இருக்கும் மகள் மலர் எடுத்து அனுப்பினாள். பறக்கும் நேரம் நாலேகால் மணி. ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கிவிட்டு முழு நேரமும் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஷார்ஜாவில் கருவிழியைப் படம் எடுப்பார்கள். எனக்கு இரண்டு கண்ணிலும் அறுவை செய்து லென்ஸ் வைத்திருப்பதால் இயந்திரம் ஏற்காதோ என்ற பயத்தில், டாக்டர் சான்றிதழை நான்கு பிரதி எடுத்துப் போயிருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. மூன்று விநாடியில் முடிந்தது. என்னைப் போன்றவர்கள் அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

வந்து சேர்ந்தது செவ்வாய். வியாழக்கிழமை மலருக்கும் மருமகனுக்கும் டியூட்டி. "அம்மா, சனிக்கிழமை லீவு. நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"சனிக்கிழமை பூட்டியிருக்கும்."

"ஒரு பலகைக்காகவா இந்த வயசுல தனியா பஸ்ல? காஜா மாமாகிட்ட சொன்னா அவரே கொண்டுவந்து தருவாரே."

"சுவரிலிருந்து கழற்றுவதற்கு முன்னால் நான் பார்க்க வேண்டும்."

அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, "அம்மா, அங்க போட்டோ எடுத்தா ஃபேமிலி குரூப்ல போடாதீங்க. இவரோட அக்கா வீட்டுக்கெல்லாம் அப்பா ஷிப்பிங்னுதான் தெரியும்" என்றாள். திட்ட வாய் திறந்தேன். யாரிடம் கற்றாள் என்று நினைவு வந்தது, மூடிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை 9.10க்கு அஜ்மானில் டாக்ஸி பிடித்தேன். ஷார்ஜாவில் ரோலாவுக்குப் பக்கத்துப் பேருந்து நிலையம் வரை 12 கிலோமீட்டர், 27 திர்ஹம், அரை மணி நேரம். அங்கிருந்து பர்துபாய்ப் பக்கம் குபைபாவுக்கு நேரடிப் பேருந்து இருக்கிறது. பேருந்தில் காசு வாங்க மாட்டார்கள், அட்டைதான். அட்டை வாங்கும் வரிசையில் இருபது நிமிடம், ஏறும் வரிசையில் இருபது நிமிடம். பெண்களுக்கு முன் பக்க இருக்கைகள் தனி. இருபது கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். கட்டணம் எனக்குக் கழிந்தது 12 திர்ஹம். கூகுள் முப்பத்தைந்து நிமிடம் என்றது.

அதை நம்பாதீர்கள். 10.20க்குக் கிளம்பிய வண்டி, ஷார்ஜா எல்லையைத் தாண்டவே 11.15 ஆகிவிட்டது. எங்கு பார்த்தாலும் கார்களின் பின்விளக்குகள். நான் டிரைவரிடம் இரண்டு முறை எழுந்து போய் ஆங்கிலத்தில் கேட்டேன். இரண்டாவது முறை அவர், "மாடம், உட்காருங்க. நான் தமிழ்தான், தேனி. நீங்க நின்னாலும் இது நகராது" என்றார். உட்கார்ந்தேன். கைப்பையில் பேனா இருக்கிறதா, அளவு நாடா இருக்கிறதா, அந்தக் கடிதம் இருக்கிறதா என்று எத்தனை முறை பார்த்தேன் என்று தெரியவில்லை. காஜா பாய் மூன்று முறை போன் செய்தார். வாட்ச்மேன் இப்போதே சாவியோடு வந்துவிட்டாராம்.

குபைபாவில் இறங்கியபோது 11.55. அங்கிருந்து சலூன் 900 மீட்டர். என் நடைக்குப் பதினெட்டு நிமிடம். நவம்பர் கடைசி, வெயில் தாங்கும். தெருமுனையில் காஜா பாய் வெள்ளைத் தொப்பியோடு நின்று கொண்டிருந்தார். இதற்கு முன் நான் அவரைப் புகைப்படத்தில்கூடப் பார்த்ததில்லை. அவர் என்னைப் பார்த்ததும், "அண்ணி, வந்துட்டியளா! அப்படியே அண்ணன் சொன்ன மாதிரிதான் வர்றீங்க, கைக்கடிகாரத்தப் பார்த்துக்கிட்டே" என்றார்.

கடைசி நாளிலும் கடையில் வேலை நடந்துகொண்டிருந்தது. மூன்று நாற்காலியில் இரண்டைத் தூக்கிவிட்டார்கள். மிச்சம் ஒன்றில், முகம் முழுக்க நுரையோடு ஒருவர். இப்போது கடையை நடத்தும் ரஹீம், பாகிஸ்தான்காரர், அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். சுவரில் பலகை இல்லை. ஆளுயரக் கண்ணாடிதான் இருந்தது.

"எங்கே?" என்றேன்.

காஜா பாய் கண்ணாடியைத் தட்டினார். "இதுக்குப் பின்னாடி. பத்து வருஷம் முன்னாடி இந்தக் கண்ணாடிய அது மேலயே வச்சு அடிச்சுட்டாங்க."

நான்கு திருகாணி. மூன்று வந்துவிட்டன. நான்காவது துருப்பிடித்து அசையவில்லை. மணி 12.25. நுரை போட்டிருந்தவருக்குப் பாதி முகம்தான் முடிந்திருந்தது. ரஹீம் கத்தியை வைத்துவிட்டு வந்து, முடி வெட்டும் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயை அந்த ஆணியில் இரண்டு சொட்டு விட்டார். "மாஜி, தோ மினிட்" என்றார், அம்மா, இரண்டே நிமிடம் என்று.

நாற்காலியிலிருந்து ஒரு குரல். "ஆத்தா, பாதி மூஞ்சியோட நான் டியூட்டிக்குப் போனா கேட்டுல விட மாட்டாய்ங்க." ராமநாதபுரம் பக்கத்து ஆள், கிரேன் ஓட்டுபவர் என்று பிறகு சொன்னார்.

"ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி."

"காஞ்சா மறுபடி நொரை போடணும். அதுக்குத் தனிக் காசா பாய்?"

"மாஜி கே லியே ஃப்ரீ" என்றார் ரஹீம், திருப்புளியைப் பிடித்தபடி.

"அப்ப நல்லா காயட்டும்" என்றார் அவர், காலை நீட்டிக்கொண்டு.

12.36க்கு ஆணி இளகியது. ரஹீமும் காஜா பாயும் கண்ணாடியை இறக்கினார்கள்.

பலகை நாலடிக்கு மூன்றடி. பச்சைப் பெயின்ட் அடித்து வெள்ளையில் எழுதியது. அவருடைய கையெழுத்து, மேலே ஏறிப் போகும் வரிகள். இடது பக்கம் தலைப்பு: "தாடி". சொல், ஊர், சொன்னவர் என்று மூன்று கட்டம். மேலே இடுக்கிச் சேர்த்த முதல் வரியில் எங்கள் மதர் சொன்ன பார்ட். ஊர், பெல்ஜியம். சொன்னவர் என்ற இடத்தில் "என் மனைவி தனபாக்கியம், கான்வென்ட்". அதற்குக் கீழே இருபத்தொரு வரி.

நான் வலது பக்கம் பார்க்க அஞ்சினேன். பார்த்தேன். அங்கே தனியாக ஒரு கோடு போட்டு, பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு: "வீட்டில் ஒப்புதல் இல்லாதவை".

அதன் கீழே பதினோரு வரி. ஷெக், நார்வே. ஸ்கேக், டென்மார்க். ஷேக், ஸ்வீடன். ஸ்கெக், ஐஸ்லாந்து. நார்வேயிலேயே நான்கு வேறு வேறு ஊர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வருடம் எழுதியிருந்தார். என் கடிதத்துக்கு முந்தியவை மூன்றுதான். மற்ற எட்டும் அதற்குப் பிறகு, அவர் ஊர் திரும்பிய வருடம் வரைக்கும். அந்த எட்டு வரிகளின் முடிவிலும் மார்க்கரால், வேறு வேறு கையில், ஒவ்வொரு கையொப்பம்.

"இது என்ன?" என்று கேட்டேன்.

காஜா பாய் சிரித்துக்கொண்டே சொன்னார். "நார்வே, ஸ்வீடன்னு எவன் வந்தாலும் அண்ணன் இந்தப் பக்கத்தக் காட்டுவாரு. 'மை ஒய்ஃப் நாட் அக்செப்ட்'ம்பாரு. கடையே சிரிக்கும். 'அதெப்படி, எங்க பாட்டனுக்குப் பாட்டன் சொன்ன சொல்லு'ன்னு அவன் சண்டைக்கு வருவான். 'அப்ப கையெழுத்துப் போடு, மேடத்துக்கு அப்பீல் பண்ணலாம்'ம்பாரு. போடுவானுவ. ஒரு கேப்டன் சீல் வச்சுத் தரவான்னே கேட்டாரு."

"எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே."

"நானும் கேட்டேன் அண்ணி. 'எழுதுனா செவப்பு மைல திருப்பி அனுப்பும், நேர்ல வந்து பார்க்கட்டும்'னாரு. அதுக்குத்தான மூணு தடவ விசா எடுத்தாரு."

மூன்று முறை விசா எடுத்தது உண்மை. மூன்று முறையும் நான் வரவில்லை. முதல் முறை மகளின் பரீட்சை. இரண்டாம் முறை இலாகாவில் லீவு இல்லை. மூன்றாம் முறை எனக்குக் காரணமே கிடைக்கவில்லை, சும்மா வரவில்லை. சலூன் வாசலில் நான் நிற்பதை யாராவது ஊர்க்காரர் பார்த்துவிடுவார் என்பதுதான் மூன்று முறையும் காரணம்.

மணி 12.44. வாட்ச்மேன் கதவில் சாவியால் தட்டி "யல்லா, யல்லா" என்று விரட்டினார். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். பெயின்ட் மேல் எழுதவில்லை. ரஹீம் தன் அட்டைப்பெட்டியிலிருந்து மார்க்கர் ஒன்று கொடுத்தார். ஒப்புதல் போடுவது இலாகாவில் முப்பத்துநாலு வருடம் செய்த வேலை, கை மறக்கவில்லை. அந்தத் தலைப்பை நான் அடிக்கவில்லை, அது அவர் எழுதியது. பதினோரு வரிக்கும் எதிரே ஒவ்வொன்றாகச் சுருக்கொப்பம் வைத்தேன். கீழே, "மேல்முறையீடு ஏற்கப்பட்டது. காலதாமதத்துக்கு வருந்துகிறேன். த. சிங்காரம்" என்று எழுதித் தேதி போட்டேன்.

பின்னால் காய்ந்த நுரையோடு அந்தக் கிரேன் தம்பி எழுந்து வந்து நின்று படித்துக்கொண்டிருந்தார். "பாஸாயிருச்சா ஆத்தா?" என்றார்.

"ஆயிற்று. உட்காருங்கள், உங்கள் மிச்ச முகத்தை முடிக்கட்டும்."

செல்போனில் எடுத்த நான்கு படத்தில் இரண்டு ஆடிவிட்டன, ஒன்றில் குழல்விளக்கு விழுந்து நடுவில் வெள்ளை. ஒன்று தேறும். அதைத்தான் மேலே போட்டிருக்கிறேன். மலருக்கும் அனுப்பினேன். பலகையைக் கழற்றி, கடைக்கு வெளியே வைத்தபோது 12.58. அன்று மாலை ஏழு மணிக்கு, குடும்பக் குழுவில் மலரே அந்தப் படத்தைப் போட்டிருந்தாள். கீழே ஒரே வரி: "அப்பாவின் சலூன்." அவள் நாத்தனார் இன்னும் பதில் போடவில்லை.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஷார்ஜாவிலிருந்து துபாய்க்கு எந்த நேரம் சொன்னாலும் அதை இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையை முந்தின நாளே வாங்கி வையுங்கள், நான் இழந்த இருபது நிமிடம் உங்களுக்கு மிஞ்சும். நாலடிப் பலகை விமானத்தில் வராது. ரோலாவில் சரக்கு அனுப்பும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கப்பலில் திருச்சி வீட்டு வாசல் வரை கொண்டுவந்து தருகிறார்கள். மூன்று வாரம் என்றார்கள். மரத்துக்குத் தனியாகச் சட்டம் அடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மூலை உடையும். நான் சொன்னேன். ஆனாலும் இன்றைக்கு இருபத்தாறாவது நாள், பலகை வந்து சேரவில்லை. தினமும் காலை பத்து மணிக்குக் கேட்கிறேன். கொச்சியில் சுங்கத்தில் இருக்கிறது என்கிறார்கள். நேற்று வேறு குரல், தூத்துக்குடி என்றது.

உங்கள் உறவினர் யாராவது வளைகுடாவிலிருந்து விசா எடுத்து அனுப்பினால், போய் வாருங்கள். இதற்கு மேல் அந்த விஷயத்தில் எனக்கு எழுதத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. இடது பக்கத்தின் இருபத்திரண்டாவது வரி முடியாமல் இருக்கிறது. சொல்: போர்ட். ஊர்: "கேட்க மறந்தேன். அடுத்த தடவை வரும்போது கேட்க வேண்டும்." சொன்னவர்: "வயதானவர், இடது காதில் வளையம்." அதற்குள் இவர் ஊர் திரும்பிவிட்டார். வட ஜெர்மனிக் கடற்கரைப் பேச்சாக இருக்கலாம் என்று ஒரு புத்தகம் சொல்கிறது, பெல்ஜியத்தின் மேற்கு மூலை என்று இன்னொன்று. யூதர்களின் இத்திஷ் மொழியிலும் கிட்டத்தட்ட அப்படித்தானாம். புத்தகத்தை வைத்து நான் முடிவு செய்யப் போவதில்லை.

ஜெர்மனி, பெல்ஜியம், ஹாலந்து, சுவிஸ், நார்வே என்று இதைப் படிக்கும் தமிழர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் பக்கத்து வீட்டில், வேலையிடத்தில் உள்ள வயதானவர்களிடம், தாடையைத் தொட்டுக் காட்டி, தங்கள் சொந்த ஊர்ப் பேச்சில் தாடிக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். போர்ட் என்று சொல்பவர் இருந்தால் சொல், ஊர், சொன்னவர் பெயர் மூன்றையும் எனக்கு அனுப்புங்கள். தொலைபேசி வேண்டாம், குரல் செய்தி வேண்டாம். எழுத்தில் பதில் தரவும்.